ராண்டின் பூனா, நம் ஊரடங்கு

நான்கே பிரிவுகள் கொண்ட ஒரு சட்டம் 1897 பிப்ரவரி 4 அன்று பிறந்தது. பம்பாயில் பிளேக் தலைகாட்டி ஐந்து மாதங்கள்தான் ஆகியிருந்தன. நோயைத் தடுக்க அரசு எந்த ஆணையையும் பிறப்பிக்கலாம், மீறுவோரைத் தண்டிக்கலாம், நல்லெண்ணத்தோடு செயல்பட்டதாகக் கருதப்படும் அதிகாரிமீது வழக்குத் தொடர முடியாது. அதன் சாரம் இவ்வளவுதான். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது நம் மாநில அரசுகள் கையில் எடுத்ததும் இதே சட்டத்தைத்தான். இடையில் 123 ஆண்டுகள். பேரரசு போய்க் குடியரசு வந்துவிட்டது. சட்டம் அப்படியே இருந்தது.

அன்று அந்தச் சட்டத்துக்குக் கையும் காலுமாக இருந்தது ராணுவம். பம்பாயிலிருந்து நோய் பூனாவுக்குப் பரவியதும், வால்டர் சார்லஸ் ராண்ட் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் தலைமையில் சிறப்புக் குழு அமைந்தது. மார்ச் நடுவிலிருந்து மே வரை சிப்பாய்கள் வீடுவீடாகப் புகுந்து நோயாளிகளைத் தேடினார்கள். கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்கப் பெண்களையும் வீதிக்கு அழைத்தார்கள். நோயாளி மருத்துவமனைக்கும் குடும்பத்தார் முகாமுக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். வீட்டுத் தரை தோண்டப்பட்டது, பண்டபாத்திரங்கள் வெளியே எறியப்பட்டன, துணிமணிகள் எரிக்கப்பட்டன. பூசையறையும் அடுக்களையும் பூட்ஸ் காலுக்குத் தப்பவில்லை.

இவ்வளவு செய்தவர்களுக்கு நோய் எப்படிப் பரவுகிறது என்பது தெரியாது. பிளேக் கிருமியை யெர்சின் 1894இலேயே ஹாங்காங்கில் கண்டுபிடித்திருந்தார். ஆனால் அதை எலியிடமிருந்து மனிதனுக்குக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி என்பதை சிமோண்ட் கராச்சியில் கண்டறிந்தது 1898இல்தான். சிப்பாய்கள் மனிதர்களை விரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் எலிகள் பக்கத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. இன்று நிலைமை வேறு. வூஹானில் நோய் வெளிப்பட்ட சில வாரங்களுக்குள், 2020 ஜனவரியிலேயே, கொரோனாவின் முழு மரபணு வரிசை உலகத்தின் கையில் இருந்தது. அன்று அதிகாரம் அறிவுக்கு முன்னால் ஓடியது. இன்று அறிவு முன்னால் நிற்கிறது. அதிகாரம் அதைக் கேட்டுத்தான் நடக்கிறதா என்பதே கேள்வி.

பூனாவில் நடந்தது பூனாவோடு நிற்கவில்லை. 1897 ஜூன் 22, விக்டோரியா மகாராணியின் வைரவிழா இரவு. விருந்து முடித்துத் திரும்பிய ராண்டை கணேஷ்கிண்ட் சாலையில் சாபேக்கர் சகோதரர்கள் சுட்டார்கள். உடன் வந்த அதிகாரி அயர்ஸ்ட் அங்கேயே இறந்தார். ராண்ட் ஜூலை தொடக்கத்தில் இறந்தார். கொன்றவர்கள் தூக்குமேடை ஏறினார்கள். தம் கேசரி இதழில் வந்த எழுத்துக்காகத் திலகருக்கு 18 மாதச் சிறை கிடைத்தது. மறு ஆண்டே ராஜதுரோகச் சட்டப்பிரிவு இன்னும் விரிவாக்கப்பட்டது. எலியும் தெள்ளும் கொண்டுவந்த நோய் இவ்வாறு பத்திரிகையின் குரல்வளைவரை வந்துவிட்டது. பின்னர் பிளேக் ஆணைக்குழுவே கெடுபிடிகளைத் தளர்த்தச் சொல்லவேண்டியதாயிற்று.

அதே பூனாவில் அதே நாட்களில் வேறொரு வழியும் இருந்தது. சாவித்திரிபாய் புலே தம் மகன் நடத்திய மருத்துவமனைக்கு நோயாளிகளைத் தாமே கொண்டுசேர்த்து, அந்த நோய் தொற்றி 1897 மார்ச் 10 அன்று இறந்தார். ஒருபுறம் நோயாளியை இழுத்துப்போன கை, மறுபுறம் சுமந்துபோன கை. முன்னதைக் கண்டு மக்கள் நோயாளியை ஒளித்தார்கள், பிணத்தையும் ஒளித்தார்கள்.

2020இல் ராணுவம் வீடு புகவில்லை. அடுத்த ஆண்டு இரண்டாம் அலையின்போது விமானப்படை ஆக்சிஜன் டேங்கர்களை ஏற்றிப் பறந்தது; கடற்படைக் கப்பல்கள் வெளிநாடுகளிலிருந்து ஆக்சிஜன் கொண்டுவந்தன. துப்பாக்கியோடு வாசலில் நின்ற படை மூச்சுக்காற்றைச் சுமக்கும் படையானது பெரிய மாற்றம். சென்னையில் மாநகராட்சிப் பணியாளர்கள் வாசலில் நின்றே காய்ச்சல் உண்டா என்று கேட்டுப் போனார்கள். தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம்கள் நடந்தன.

ஆனால் பழைய சட்டத்தின் பழைய சுபாவமும் போய்விடவில்லை. மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு, நள்ளிரவில் நாடு முழுக்க ஊரடங்கு. நான்கு மணி நேர அவகாசத்தில் வேலையும் கூலியும் இழந்தவர்கள் நூற்றுக்கணக்கான மைல் நடந்தார்கள். நோயாளி இருந்த வீட்டு வாசலில் தகரம் அடிக்கப்பட்டது. கொரோனாவுக்குப் பலியான மருத்துவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. சாத்தான்குளத்தில் நேரம் கடந்து கடை திறந்திருந்ததாகக் கைதான தந்தையும் மகனும் காவலில் இறந்தார்கள். காவலர்கள்மீது கொலைக்குற்றம் சாட்டப்பட்டது. அன்று பூட்ஸ் கால், இன்று லத்தி. பட்டவர்கள் அன்றும் இன்றும் எளியவர்கள்.

தடுப்பூசியின் கதை இந்த இரண்டு காலத்தையும் சேர்த்துக் காட்டுகிறது. 1897 ஜனவரி 10 அன்று பம்பாயில் ஹாஃப்கின் தாம் தயாரித்த பிளேக் தடுப்பூசியை முதலில் தம் உடலிலேயே போட்டுக்கொண்டார். ஆனால் சிப்பாயைக் கண்டு அஞ்சிய மக்களுக்கு அரசாங்கத்தின் ஊசியும் அச்சமாகவே இருந்தது. 2021 ஜனவரி 16 அன்று கொரோனா தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, ஊசிமருந்தில் பெரும்பகுதி வந்தது அதே பூனாவிலிருந்து. முதலில் தயங்கிய தமிழகமும் இரண்டாம் அலையைக் கண்டபின் வரிசையில் நின்றது. 18 மாதங்களில் நாடு முழுவதும் 200 கோடி தவணைகள். ஊசி போட எந்த வீட்டிலும் படை புகவேண்டியிருக்கவில்லை.

இழப்புக் கணக்கிலும் ஒரு பாடம் இருக்கிறது. கால் நூற்றாண்டில் பிளேக் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. கொரோனாவுக்கு அரசு சொல்லும் எண்ணிக்கை ஐந்து லட்சத்துச் சொச்சம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு 47 லட்சம், அதை அரசு ஏற்கவில்லை. அன்று மக்கள் பிணத்தை மறைத்தார்கள். இன்று இறந்தவர் எத்தனை பேர் என்பதே வழக்காக நிற்கிறது.

2020இல் அந்த 1897ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்கு ஏழு ஆண்டுவரை சிறை என்பது அவசியமான திருத்தம். சட்டத்தை முழுமையாகச் சீரமைக்க வேண்டும் என்று சட்ட ஆணையமும் 2024இல் பரிந்துரைத்துவிட்டது. அடுத்த கொள்ளைநோய் வருமுன் அது நடக்கவேண்டும். அடைக்கப்படும் வீட்டுக்கு உணவு, நிறுத்தப்படும் கூலிக்கு ஈடு, இறந்தவருக்குக் கண்ணியமான அடக்கம், கட்டுப்பாடுகளுக்குக் கால வரம்பு ஆகியவை புதிய சட்டத்தில் எழுத்தில் இருக்கவேண்டும். ஆட்சிக்கு மக்களை அடைத்துவைக்கும் அதிகாரத்தை மட்டும் தந்து, அடைக்கப்பட்டவர்களுக்கு எதையும் தராத சட்டம் ஒரு குடியரசுக்குப் பொருந்தாது.