தும்பிழையால் தைத்த படகு

ஆணி ஒன்றுகூட அடிக்காமல் அறுபது, எழுபது அடி நீளமான சரக்குப் படகைக் கட்ட முடியுமா? முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம் ஒன்றில் தும்புப் பயிற்சி வகுப்புக்கு வந்த பெண்களிடம் இதைக் கேட்டபோது பலரும் சிரித்தார்கள். "ஆணியில்லாட்டி முதல் அலையிலயே பிரிஞ்சிடும் மிஸ்" என்றாள் ஒரு தங்கை. மூலையில் இருந்த வயதான அம்மா மட்டும், "ஏன் பிள்ளை, எங்கட அப்பு காலத்துக் கரைவலைத் தோணியும் கயித்தால தைச்சதுதானே" என்றார்.

நான் கேட்டது கேரளத்தின் கெட்டுவள்ளத்தைப் பற்றி. 2018 இல் தும்புத் தொழிலைப் பார்த்துவர ஆலப்புழைக்குச் சென்ற குழுவில் நானும் இருந்தேன். அங்கேதான் அந்தப் படகை முதன்முதலில் கண்டேன். 'கெட்டு' என்றால் கட்டு. வள்ளம் எமக்கும் தெரிந்த சொல்தான்.

ஆஞ்சிலி மரப் பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, இரு பக்கமும் துளையிட்டு, பொருத்தின் மேல் தும்பை அடுக்கி, தும்புக்கயிற்றால் இறுக்கித் தைப்பார்கள். மரமுந்திரிகைக் கொட்டையின் தோட்டிலிருந்து எடுக்கும் கறுத்த எண்ணெயைப் பூசுவார்கள். மேலே மூங்கிலும் பாயும் கொண்ட வளைந்த கூரை. பெரிய வள்ளம் 30 தொன் வரை ஏற்றும். குட்டநாட்டு நெல்லைச் சுமந்து, நீண்ட கழிகளால் ஊன்றிக் காயல் வழியே கொச்சி வரை போவார்கள். கடல் மட்டத்துக்கும் கீழே வரம்பு கட்டி நெல் விளைவிக்கும் இடம் குட்டநாடு. அந்த விவசாய முறையை 2013 இல் ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய அமைப்பு உலக மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. தெரு இல்லாத அந்த ஊர்களுக்கு வள்ளம்தான் லொறி. தெருவும் லொறியும் வந்தபின் வள்ளங்கள் கரையேறின. 1990களிலிருந்து பல வள்ளங்கள் உல்லாசப் பயணிகளின் படகு வீடுகளாக மாறின.

என் மனதில் பதிந்தது அந்தக் கயிறுதான். தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் காயல் நீரில் ஊறப்போட்டு, தடியால் அடித்துத் தும்பெடுத்துக் கயிறு திரித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். படகைப் பற்றிக் கதைப்பவர்கள் தச்சரைப் புகழ்வார்கள். கயிறு திரித்தவளை நினைப்பவர் குறைவு.

மாவட்டக் கைப்பணிக் கண்காட்சிக்கு எல்லாச் சங்கங்களும் கால்மிதியும் தும்புத்தடியும் கொண்டுவரும். நாம் ஒரு கெட்டுவள்ளத்தின் சிறு மாதிரியைச் செய்வோம் என்றேன். ஐந்து பேர் முன்வந்தார்கள்.

ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று கணக்கு வைத்தோம். 66 அடி வள்ளம் 33 அங்குலமாகியது. 14 அடி அகலம் 7 அங்குலமாகியது. ஆஞ்சிலி பலாவின் இனத்து மரம் என்பதால், ஊர்த் தச்சரிடம் பலாக் கழிவுகளை வாங்கி மெல்லிய பட்டிகளாகச் சீவுவித்தோம். இப்படி எல்லாவற்றையும் இருபத்துநான்கில் ஒன்றாகச் சிறிதாக்கியபோது, படகுக் கயிற்றின் இடத்துக்கு ஒற்றைத் தும்பிழையே போதுமாக இருந்தது!

வேலை இலகுவாக இருக்கவில்லை. துளைகளை ஒரே கோட்டில் போட்டதால் முதல் இரண்டு பட்டிகளும் நீளத்துக்குப் பிளந்தன. பிறகு சற்று மேலும் கீழுமாக, பழுக்கக் காய்ச்சிய ஊசியால் துளைத்தோம். காய்ந்த தும்பிழை இழுத்தவுடன் அறுந்தது. இதற்கு வழி கண்டவர் வகுப்பில் அதிகம் கதைக்காத ஓர் அக்கா. அவர் விருப்பப்படி பெயரை எழுதவில்லை. கணவரோடு கடற்தொழில் செய்து, வலை பொத்திப் பழகிய கை. 2009 இல் மூத்த மகனைத் தொலைத்தவர். இழையைத் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டிரண்டாகச் சேர்த்து உள்ளங்கையில் உருட்டித் தந்தார். அது அறுக்கவில்லை.

எமது வழமைப்படி முதலில் விலாச் சட்டங்களை நிறுத்தப் பார்த்தோம். கெட்டுவள்ளத்தில் முறை வேறு. பலகைகளைத் தைத்து உடலை உருவாக்கிவிட்டு, அதன்பின்தான் உள்ளே விலாக்களைப் பொருத்துவார்கள். சுடுநீரில் ஊறிய பட்டிகளை வளைத்துக் கட்டி, ஒவ்வொன்றாகத் தைத்தோம்.

கண்காட்சிக்கு ஒன்பது நாட்கள் இருந்தன. பாதிகூட முடியவில்லை. நான் பசைப்போத்தல் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். "மிச்சத்தை ஒட்டிவிடுவோம், வெளியில் தெரியாது" என்றேன். அக்கா போத்தலை வாங்கி ஒரு பக்கமாக வைத்தார்.

"ஒட்டினா ஒட்டினதுதான் பிள்ளை. பிறகு கழட்டேலாது."

நானே முதல் நாள் சொல்லிக்கொடுத்த விடயம் அது. தண்ணீரில் கயிறு உக்கும். அப்போது வள்ளத்தைக் கரையேற்றிக் கட்டை அவிழ்த்து, பழைய கயிற்றை எடுத்துவிட்டு, அதே பலகைகளைப் புதிய கயிற்றால் மறுபடி தைப்பார்கள். ஆணியில்லாமல் கட்டுவதில் உள்ள நன்மை அதுதான். அவசரத்தில் அதை மறந்தவள் நான்.

தைத்து முடிந்ததும் சீமெந்துத் தொட்டியில் மிதக்கவிட்டோம். மூன்றாம் பலகைப் பொருத்தால் தண்ணீர் கசிந்தது. எல்லோருக்கும் முகம் வாடிவிட்டது. அக்கா படகைத் தூக்கித் துடைத்து, பதினான்கு தையல்களை அவிழ்த்தார். தும்பை இன்னும் தடிப்பாக அடுக்கி மறுபடி தைக்கத் தொடங்கினார். குனிந்தபடியே, "மூத்தவன் சின்னனில தென்னம்பாளையில தோணி விடுவான். அதுவும் இப்பிடித்தான் ஒழுகும்" என்றார்.

மகனைப் பற்றி அவர் வகுப்பில் வாய் திறந்தது அன்றுதான். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த தங்கை அடுத்த இழையை நனைத்து நீட்டினாள்.

எனது மாத அறிக்கையில் 'உளநல மேம்பாடு' என்றொரு பகுதி உண்டு. சமூகவியல் படித்தவள் என்பதால் அதை நிரப்பச் சொற்களுக்குக் குறைவில்லை. அன்று மட்டும், "பதினான்கு தையல்களை அவிழ்த்து மறுபடி தைத்தோம்" என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

கண்காட்சிக்குப் பாதிக் கூரையோடுதான் படகு போனது. பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஒருவர் விலை கேட்டார். ஐந்து பேரின் இரண்டு மாத உழைப்புக்கு என்ன விலை சொல்வது? "இது விக்கிறதுக்கில்லை" என்று அக்காவே பதில் சொல்லிவிட்டார். இந்தப் படகால் எவருக்கும் வருமானம் கூடவில்லை என்பதையும் நான் சொல்லத்தான் வேண்டும். கால்மிதியும் தும்புத்தடியும்தான் இன்றும் அடுப்பெரிய வைக்கின்றன.

ஆனால் படகு வகுப்பறையில் இருக்கிறது. புதிதாக வருபவர்களுக்கு அக்காதான் முதற்பாடம் சொல்லிக்கொடுக்கிறார். ஒரு பொருத்தை அவிழ்த்துக் கையில் கொடுத்து, மறுபடி தைக்கச் சொல்வார். பிழைத்தால், "அவிழ்த்துப்போட்டுத் திரும்பத் தை மோனை, பலகை பழுதில்லை" என்பார்.

சகோதரிகளே, எமது கிராமத்துப் பக்கம் வந்தால் வகுப்பறைக்கும் வந்து போங்கள். உங்களுக்கும் தைக்க ஒரு பொருத்து இருக்கும்.