கமக்காரர் குடும்பத்தின் உணவும் உடற்சக்தியும்

பயிருக்கு எப்பசளையை எவ்வளவு இடவேண்டுமெனக் கணக்கிடும் கமக்காரர் பலர், தம் குடும்பத்தின் உணவை அவ்வாறு கணக்கிடுவதில்லை. விளைந்த பயறும் மரக்கறியும் முழுவதும் சந்தைக்குச் செல்ல, வீட்டிற் சோறும் சொதியுமே எஞ்சுமாயின், அக்குடும்பம் தான் விளைவித்த போசணையைத் தானே இழக்கின்றது.

உணவு தரும் சக்தி கலோரி என்னும் அளவினாற் கூறப்படும். மாப்பொருளும் புரதமும் கிராமொன்றுக்கு ஏறத்தாழ 4 கலோரியையும், கொழுப்பு 9 கலோரியையும் தருகின்றன. உறங்கும்போதும் இதயத் துடிப்பு, சுவாசம், உடற்சூடு என்பவற்றிற்காகச் சக்தி செலவாகின்றது. மண்வெட்டி பிடித்து வரம்பு கட்டும் நாளில் ஆணொருவருக்கு ஏறத்தாழ 3,000 கலோரி வேண்டும். நாற்று நடும் பெண்ணிற்கு 2,200 கலோரிக்குக் குறையாது வேண்டும். கருவுற்ற பிற்காலத்தில் ஏறக்குறைய 300 கலோரியும், பாலூட்டுங் காலத்தில் 500 கலோரியும் மேலதிகமாகத் தேவைப்படும். ஆகவே, எல்லோரும் உண்டபின் எஞ்சியதைத் தாய் உண்ணும் வழக்கம் கைவிடத்தக்கதாகும்.

அரிசி 500 கிராம் ஏறத்தாழ 1,750 கலோரியையும் 35 கிராம் புரதத்தையும் தரும். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். இக்குறையை 60 கிராம் பயறு பெரும்பாலும் நிரப்பும். அன்றியும், அரிசிப் புரதத்திற் குறைவாயுள்ள லைசீன் என்னும் கூறு பயறில் மிகுதியாயுண்டு. எனவே, இரண்டையுஞ் சேர்த்துண்பதே சிறந்தது. எஞ்சிய சக்தியைத் தேங்காய், கிழங்கு, மீன், பழம் என்பவற்றாற் பெறலாம்.

சிறு பிள்ளையின் இரைப்பை சிறிது. வெறுஞ்சோற்றால் வயிறு நிரம்பினும் வளர்ச்சிக்கு வேண்டியவை போதியளவு கிடையா. ஆதலால், பயறு, முட்டை, மீன் ஆகியவற்றுள் ஒன்றைச் சிறிது எண்ணெய் அல்லது தேங்காய்ப்பாலுடன் சோற்றிற் குழைத்துப் பலமுறை ஊட்டுதல் வேண்டும்.

நெல்லை மிகத் தீட்டினால் தவிட்டுடன் உயிர்ச்சத்து பீ1 நீங்கிவிடும். புழுக்கும்போது அச்சத்தின் ஒரு பகுதி மணியினுட் செல்வதால், புழுங்கலரிசியில் அது கூடுதலாக எஞ்சும்.

முருங்கை, அகத்தி முதலிய இலைகளை நறுக்குமுன் கழுவி, தேங்காய் சேர்த்துச் சமைத்தல் நன்று. அவற்றிலுள்ள உயிர்ச்சத்து ஏ உடலிற் சேர்வதற்குக் கொழுப்பு வேண்டும். தேசிக்காய்ப் புளி இலைக்கறியின் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். உணவோடு அருந்தும் தேநீர் அதனைத் தடுக்கும். ஆகையால், உணவிற்கும் தேநீருக்குமிடையே ஒரு மணித்தியாலமேனும் செல்லவிடுக.

பெரும்போக அறுவடையின்பின் வயலில் எஞ்சும் ஈரத்திற் பயறு, கௌபி என்பவற்றைப் பயிரிடலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு 40 கிராம் வீதம், ஐவர் கொண்ட குடும்பத்திற்கு ஆண்டிற்கு 73 கிலோகிராம் போதும். விதைநெல்லை ஒதுக்குவதுபோல இதனையும் முதலில் ஒதுக்கி, மிகுதியையே விற்பனை செய்க.