பிடிலுக்கு வால் நரம்பு மாற்றத் தெரியுமா?

உங்கள் வீட்டில் பெண்ணோ பிள்ளையோ வயலின் கற்றுக்கொள்கிறார்களா? அப்படியானால் இதைப் படித்த கையோடு பெட்டியைத் திறந்து, தாடை வைக்கிற பக்கத்தின் அடிப்பகுதியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நாலு தந்திகளும் போய் மாட்டிக்கொள்கிற கறுப்புக் கட்டை ஒன்று இருக்கிறதல்லவா? டெயில்பீஸ் என்பார்கள். வீணைக்கு நாகபாசம் எப்படியோ, வயலினுக்கு அது அப்படி. அந்தக் கட்டையைக் கீழேயுள்ள குமிழோடு பிணைத்து நிற்பது ஒரே ஒரு நரம்பு வளையம். கடையில் ‘டெயில்கட்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு வால் நரம்பு என்று பெயர்.

தந்தி மாற்றுகிறோம், வில்லுக்கு மயிர் கட்டுகிறோம், இந்த வால் நரம்பை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் நாலு தந்தியும் இழுக்கிற இழுப்பு முழுவதையும் தாங்குவது இதுதான். மேல்நாட்டார் சேர்க்கிற சுருதியில் அந்த இழுப்பு 20 கிலோவுக்கு மேல் வரும். நாம் ச-ப-ச-ப என்று பெரும்பாலும் அதைவிடத் தாழ்த்தித்தான் சேர்க்கிறோம். இருந்தாலும் ஓர் அரிசிப் பையை இராப்பகலாக ஒரு நூலில் தொங்கவிட்ட கதைதான்! (ஆள் உயரத்துக்கு நிற்க வைத்து வாசிக்கிற டபுள் பேஸில் இந்த இழுப்பு 100 கிலோவைத் தாண்டும். அதனால் அதற்குப் பெரும்பாலும் எஃகுக் கம்பியே போடுகிறார்கள். மாற்றுகிற முறை என்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான்.)

எங்கள் வீட்டு வயலின் என் மாமியாருடையது. கல்யாணத்துக்கு முன்னால் வாசித்தது. அப்புறம் குடும்பம், குழந்தைகள் என்று பரணுக்குப் போய்விட்டது. ஏ.கன்யாகுமரிக்கு 2016ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி அறிவித்தார்களே, ஒரு பெண் வயலின் கலைஞருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. அந்தச் செய்தியை அத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார். மறுநாள், “அந்தப் பெட்டியைக் கொஞ்சம் இறக்கிக் குடேன்” என்றார். என் பெண்ணுக்குச் சரளி வரிசை ஆரம்பித்தது அப்படித்தான்.

போன நவராத்திரிக்கு நாலு நாள் முன்பு, நடு ராத்திரி, அலமாரிக்குள்ளிருந்து ‘படார்’ என்று ஒரு சத்தம். காலையில் பெட்டியைத் திறந்தால் தந்திகளெல்லாம் துவண்டு கிடக்கின்றன. குதிரை விழுந்து கிடக்கிறது. அத்தை காலத்து ஆட்டுக் குடல் நரம்பு இற்றுப் போய் அறுந்திருந்தது. அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. காபியைக்கூடத் தொடவில்லை. அத்தனை வருஷம் பரணில் கிடந்தபோது வராத துக்கம், வாசிக்க ஆரம்பித்த பிறகு வந்துவிட்டது.

கடையில் கேட்டால், “சீசன் வேலை குவிஞ்சு கிடக்கு, பத்து நாள் ஆகும்” என்றார்கள். கடைசியில் எங்கள் பக்கத்திலேயே வாத்தியம் பழுது பார்க்கிற பெரியவர் ஒருவருக்குப் போன் செய்தேன். அவர் முதலில் கேட்டது நரம்பைப் பற்றியே அல்ல.

“கையில எடுத்து ஆட்டிப் பார்த்தீங்களாம்மா?”

“இல்லீங்க, பெட்டியிலேயேதான் இருக்கு.”

“நல்லதாப் போச்சு. ஆட்டாதீங்க. மேல வளைஞ்ச ஓட்டை ரெண்டு இருக்கில்ல, அது வழியா டார்ச் அடிச்சுப் பாருங்க. உள்ளே குச்சி நிக்குதா?”

நின்றது! அப்பாடா என்று அத்தை அப்போதுதான் காபி டம்ளரைக் கையில் எடுத்தார்.

அந்தக் குச்சியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சவுண்ட் போஸ்ட் என்று பெயர். மெல்லிய தந்திப் பக்கத்துக் குதிரைக்காலுக்குச் சற்றுப் பின்னால், மேல் பலகைக்கும் அடிப் பலகைக்கும் நடுவே நிற்கும். அதைப் பசை போட்டு ஒட்டுவதில்லை. இரண்டு பலகைக்கும் நடுவே இறுக்கமாகப் பொருந்தி, தந்திகள் குதிரை வழியாக அழுத்துகிற அழுத்தத்தில் நிற்கிறது. இத்தாலிக்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் தங்கள் மொழியில் அதற்கு ‘ஆன்மா’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அது விழுந்திருக்கும்போது தெரியாமல் தந்தியை முறுக்கினால், சுமார் 3 மில்லிமீட்டர் கனமே உள்ள மேல் பலகை அமுங்கி விரிசல் விட்டுவிடும். ஆகவே குச்சி விழுந்துவிட்டதா? தந்தியைத் தளர்த்தியே வைத்து, பழுது பார்ப்பவரிடம் கொண்டு போய்விடுங்கள். அது நம் வேலை இல்லை.

குச்சி நின்றால் மற்றதை வீட்டிலேயே செய்யலாம். பெரியவர் சொல்லச் சொல்ல நான் செய்தது இதுதான்.

இப்போது நைலான் நரம்பு கிடைக்கிறது. இரண்டு நுனியிலும் மரையும், சின்னப் பித்தளைத் திருகும் இருக்கும். முழு அளவு வயலினா, முக்கால் அளவா என்று சொல்லி வாங்குங்கள். மேஜையில் ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் வயலினை மல்லாக்க வையுங்கள். வேலை முடிகிற வரை சாய்க்கவோ தூக்கவோ கூடாது. நரம்பு இன்னும் அறுபடவில்லை, முன்கூட்டியே மாற்றுகிறீர்கள் என்றால், முதலில் போனில் குதிரை நிற்கிற இடத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். டெயில்பீஸுக்கு அடியில் ஒரு கைக்குட்டையைச் செருகுங்கள், இல்லாவிட்டால் சுருதி திருகுகளின் அடிப்பக்கம் பலகையைக் கீறிவிடும். பிறகு நாலு தந்தியையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். தாடைக்கட்டை மறைத்தால் அதையும் கழற்றி வையுங்கள்.

புது நரம்பின் நுனிகளை டெயில்பீஸின் அடி விளிம்பிலுள்ள இரண்டு துளைகளில் விட்டு, உட்பக்கத்தில் திருகை மாட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு திருக வேண்டும். ஏறுமாறாக இருந்தால் டெயில்பீஸ் கோணிக்கொண்டு நிற்கும். வளையத்தைக் குமிழில் மாட்டியதும், விளிம்பில் பதித்திருக்கும் சின்னக் கறுப்புக் கட்டையின் மேல் நரம்பு படிந்து வர வேண்டும். டெயில்பீஸின் நுனி அந்தக் கட்டைக்குச் சரியாக வந்து நிற்க வேண்டும், அதைத் தாண்டித் தொங்கக் கூடாது. நைலான் இழுபடும். அதனால் முதலில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குட்டையாகவே வையுங்கள். தந்தி ஏற்றிய பிறகு, முழு அளவு வயலினில் குதிரைக்கும் டெயில்பீஸின் மேல் விளிம்புக்கும் இடையே 55 மில்லிமீட்டர் வாக்கில் இருந்தால் சரி.

மிச்ச நுனி நீட்டிக்கொண்டு பலகையில் பட்டால் ‘கிர்ர்’ என்று இரையும். வெட்டிவிட்டு, நுனியைச் சூடான கத்தி முனையால் லேசாக உருக்கித் தட்டையாக்கிவிட்டால் திருகு கழன்று வராது. இதை மட்டும் வயலினில் மாட்டுவதற்கு முன்பே, அடுப்பங்கரையில் செய்துகொள்ளுங்கள். வார்னிஷ் பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

அப்புறம்தான் பொறுமை வேண்டிய கட்டம். குதிரையின் இரண்டு காலும் ஓட்டைகளின் உள்பக்க வெட்டுகளுக்கு நேராக வரும்படி நிறுத்தி, நாலு தந்தியையும் மாற்றி மாற்றிச் சிறுகச் சிறுக ஏற்றுங்கள். தந்தி ஏற ஏற, குதிரையின் உச்சி பிரடைப் பக்கமாகச் சாயும். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்த வேண்டும். டெயில்பீஸைப் பார்த்திருக்கும் முகம் பலகைக்குச் செங்குத்தாக நின்றால் சரி. குதிரையின் தந்திக் குழிகளில் பென்சில் கரியைத் தேய்த்துவிட்டால் தந்தி வழுக்கிக்கொண்டு ஏறும்.

எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. அத்தை எதிரே உட்கார்ந்து, “சாயறது பார், சாயறது பார்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முதல் இரண்டு நாள் சுருதி இறங்கிக்கொண்டே போயிற்று. பயந்துவிடாதீர்கள், நரம்பு இழுபட்டு அமைகிற வரை அப்படித்தான். நான்காம் நாள் கொலுவின் முன்னால் பேத்தி வாசிக்க, பாட்டி தொடையில் தாளம் போட்டார்.

குடல் நரம்பானால் பிரி பிரியாகத் தெரிகிறதா, நைலான் ஆனால் மடிகிற இடத்தில் வெளுத்துக் கீறல் விட்டிருக்கிறதா, டெயில்பீஸ் முன்னைவிட மேலே ஏறி நிற்கிறதா, எப்போதும் இல்லாமல் ஒரு பக்கம் கோணியிருக்கிறதா என்று மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும். நாம் உட்கார்ந்து வாசிக்கும்போது அந்தப் பக்கம்தான் மேலே சாய்ந்து நிற்கிறது, வியர்வை படுகிற இடம். வாசித்து முடித்ததும் அங்கேயும் உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைக்கச் சொல்லுங்கள். புது நரம்பு போட்டால் தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ரோஸின் டப்பாவுக்கு அடியில் வைத்துவிடுங்கள்.