கர்ப்பகால ஆபத்தைக் கண்டறியும் ஒளி உணரிகள்

கர்ப்பிணிக்குக் கால் வீங்கினால், 'பிள்ளை உண்டானால் அப்படித்தான்' என்று வீட்டில் சொல்வது வழக்கம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் 20 வாரத்துக்குப் பிறகு பிபி 140/90-க்கு ஏறி, சிறுநீரிலும் புரதம் இறங்கினால் அது முன்சூல்வலிப்பு. கவனிக்காமல் விட்டால் வலிப்பு, பக்கவாதம் வரை போகும். உலக அளவில் நூறு கர்ப்பிணிகளில் 2 முதல் 8 பேருக்கு இது வருகிறது.

நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. அங்கிருந்து தாயின் ரத்தத்தில் கலக்கும் பி.எல்.ஜி.எஃப். என்ற புரதம் ரத்தநாளங்களைப் பேணுகிறது; எஸ்.எஃப்.எல்.டி.-1 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து முடக்குகிறது. முடக்கும் புரதம் மிகுந்தால் இந்நோயின் அறிகுறிகள் தோன்றுவதை 2003-இல் பாஸ்டனில் அனந்த் கருமாஞ்சியின் குழு எலிகளில் காட்டியது. நோய் இருக்குமோ என்று சந்தேகிக்கப்படும் பெண்ணுக்கு எஸ்.எஃப்.எல்.டி.-1-க்கும் பி.எல்.ஜி.எஃப்.-க்குமான விகிதம் 38-ஐத் தாண்டாவிட்டால், அடுத்த ஒரு வாரத்துக்குப் பெரும்பாலும் பயமில்லை என்று 2016-இல் ஒரு பன்னாட்டு ஆய்வு சொன்னது. இத்தகைய பரிசோதனைக்கு 2023-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது.

ஆனால் விகிதத்தை அளக்கப் பெரிய ஆய்வகக் கருவி வேண்டும். அதைக் கையடக்கமாக்கும் முயற்சியில்தான் ஒளி உணரிகள் வருகின்றன. கண்ணாடியின் மேல் சுமார் 50 நானோமீட்டர் தடிமனில் தங்கப்பூச்சு; அதன்மேல் தேடும் புரதத்தை மட்டும் பற்றும் எதிர்ப்பொருள்கள். கண்ணாடிப் பக்கமிருந்து ஒளியைச் செலுத்தினால், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அதன் ஆற்றலைத் தங்கத்தின் எலெக்ட்ரான்கள் வாங்கிக்கொள்ள, திரும்பும் ஒளி மங்குகிறது. புரதம் வந்து ஒட்டியதும் அந்தக் கோணம் நகர்கிறது. எவ்வளவு நகர்ந்தது என்பதை வைத்துப் புரதத்தின் அளவைக் கணக்கிடலாம். இந்த முறையை உயிரியல் உணரியாக்கும் வழியை 1983-இல் ஸ்வீடனின் லின்ஷோப்பிங் ஆய்வாளர்கள் காட்டினர்.

சவால் ரத்தத்தில் இருக்கிறது. ஒரு மில்லி சீரத்தில் எல்லாப் புரதமும் சேர்ந்து ஏறத்தாழ 70 மில்லிகிராம். கவலைக்குரிய பி.எல்.ஜி.எஃப். அளவோ 100 பிகோகிராமுக்கும் கீழே, அதாவது 70 கோடியில் ஒரு பங்குகூட இல்லை. அல்புமின் போன்றவை தங்கத்தில் ஒட்டினால் கணக்கே தவறிவிடும். அதனால் வேண்டாத புரதங்களை ஒட்டவிடாத மேற்பூச்சு தேவை. பிடிபட்ட புரதத்தின் மேல் தங்க நுண்துகள் கட்டிய இன்னொரு எதிர்ப்பொருளைச் சேர்த்துச் சமிக்ஞையைப் பெருக்குகிறார்கள்.

ஆய்வகத்தில் தயாரித்த கரைசலில் ஓர் உணரி வேலை செய்வது பாதிக் கிணறுதான். கர்ப்பிணியின் ரத்தத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்து மேசையில், செவிலியர் கையில் அது நம்பகமாக இயங்க வேண்டும். பெரிய மருத்துவமனைக்கு இப்போதே அனுப்புவதா, காத்திருக்கலாமா என்ற முடிவு அங்கேதான் எடுக்கப்படுகிறது. அப்படியோர் உணரி வரும்வரை, கர்ப்பகாலப் பரிசோதனைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பிபி பார்ப்பதும் சிறுநீர்ப் பரிசோதனையும் தவறக் கூடாது. கடும் தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி இருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.