கனவுக் காருக்குக் கையெழுத்துப் போடும் முன்

2020 ஜனவரியில் ஃபுளோரிடா மாநிலத்தின் கிஸிமீ நகரில் மீகம் நிறுவனம் நடத்திய ஏலத்தில், ஒரு பச்சை நிற ஃபோர்டு மஸ்டாங் 34 லட்சம் டாலருக்குப் போனது. ஏல நிறுவனத்தின் கமிஷனையும் சேர்த்தால் 37.4 லட்சம் டாலர். பெயின்ட் மங்கி, ஆங்காங்கே துருவேறி, பழைய கோலத்திலேயேதான் அது மேடைக்கு வந்தது. 1968ல் வெளியான 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய கார் அது. 1974ல் ஒரு பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து நியூ ஜெர்சிக்காரர் ஒருவர் 6,000 டாலருக்கு அதை வாங்கினார். ஆசிரியையான அவருடைய மனைவி பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப் போய் வந்த வண்டி. கிளட்ச் பழுதான பிறகு பல வருடங்கள் ஓடாமல் நின்றது. 1977ல் மெக்வீனே கடிதம் எழுதிக் கேட்டும் அந்த நியூ ஜெர்சிக்காரர் கொடுக்கவில்லை.

அதே வருடத்தில், அதே எஞ்சினோடு வந்த மஸ்டாங்குகள் ஏராளம். அவற்றுக்குக் கிடைக்காத விலை இதற்கு மட்டும் கிடைத்தது எதனால்? இதன் சேசிஸ் நம்பர் 8ஆர்02எஸ் என்று தொடங்குகிறது. 8 என்றால் 1968ஆம் வருட மாடல். 'ஆர்' என்பது கலிஃபோர்னியாவின் சான் ஹோசே தொழிற்சாலை. 02 என்பது பின்பக்கம் சரிந்த ஃபாஸ்ட்பேக் கூரை. 'எஸ்' என்பது 390 கன அங்குல எஞ்சின். மெக்வீனின் கடிதம் பத்திரமாக இருந்தது. ஃபோர்டின் பழைய உற்பத்திப் பதிவேடுகளை உரிமம் பெற்று வைத்திருக்கும் மார்ட்டி ஆட்டோ ஒர்க்ஸ் அந்த எண்ணைச் சரிபார்த்தது. மஸில் கார் எனப்படும், பெரிய எஞ்சின் பொருத்திய இத்தகைய கார்களின் சந்தையில் விலையின் பெரும்பங்கு இப்படிப்பட்ட எண்ணுக்கும் காகிதத்துக்கும்தான் போகிறது. ஏமாற்று வேலை நடப்பதும் அங்கேதான். அமெரிக்காவில் குடியேறிய தமிழர்களிலும் மஸ்டாங், டாட்ஜ் சேலஞ்சர் மீது ஆசைப்பட்டுப் பணம் சேர்ப்பவர்கள் உண்டு. வாழ்நாள் ஆசையோடு வருபவரின் சேமிப்பு ஒரு போலித் தகட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

போலி செய்வது ஏன் இவ்வளவு சுலபம் என்பதற்கு இந்தக் கார்கள் பிறந்த கதையிலேயே விடை இருக்கிறது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத்தானே ஒரு விதி வைத்திருந்தது. 1964ல் அதன் போன்டியாக் பிரிவில் இருந்த ஜான் டிலோரியனின் குழு, 389 கன அங்குல எஞ்சினை லெமான்ஸ் காருக்கான 'கூடுதல் வசதி' என்று பட்டியலில் சேர்த்து அந்த விதியைத் தாண்டியது. அதுதான் ஜி.டி.ஓ. வெறும் கூடுதல் வசதியாக வந்ததால், 1964, 1965 கார்களின் சேசிஸ் நம்பரில் அது ஜி.டி.ஓ.வா, சாதாரண லெமான்ஸா என்பதற்கு அடையாளமே கிடையாது. 1966ல் தனி மாடலான பிறகுதான் எண் 242 என்று தொடங்கியது. ஷெவர்லே ஷெவெல் எஸ்.எஸ். காரில் இதற்கு நேர்மாறாக நடந்தது: 1969 முதல் எஸ்.எஸ். கூடுதல் வசதியாக மாறியதால், எண்ணை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. கிரைஸ்லர் கார்களில் இந்தக் குழப்பம் குறைவு. 1970 மாடலில் ஐந்தாவது இடத்தில் 'ஆர்' இருந்தால் மட்டுமே அது 426 ஹெமி எஞ்சினோடு பிறந்த கார். 1971ல் கூரை திறக்கும் ஹெமி குடா (ஹெமி எஞ்சின் போட்ட பாரகுடா) மொத்தமே 11தான் செய்தார்கள். அவற்றில் ஒன்று 2014ல் 35 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதே உருவம் கொண்ட, சின்ன எஞ்சின் பாரகுடாவின் விலை இதற்குப் பக்கத்தில்கூட வராது. சாதாரணக் காருக்குப் பெரிய எஞ்சினும் பட்டையும் பேட்ஜும் போட்டு 'அசல்' என்று விற்கும் ஆசை பிறப்பது இந்த வித்தியாசத்தால்தான்.

இப்படி மாற்றிய காரை 'குளோன்' என்றோ 'டிரிபியூட்' என்றோ சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை. ஓட்டி மகிழ நினைப்பவருக்கு அதுவே நல்ல பேரமாக அமையலாம். அதை மறைத்து, அசல் விலை வாங்கினால் அது மோசடி.

'நம்பர்ஸ் மேட்சிங்' என்று விற்பவர் சொன்னால், காரோடு பிறந்த அதே எஞ்சின் இன்னும் அதில் இருக்கிறது என்று பொருள். சொல்லை நம்பாமல் பானட்டைத் திறக்கச் சொல்லுங்கள். ஷெவர்லே வி8 எஞ்சினில் வலப்பக்கம், சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், ஒரு சின்ன தட்டையான பரப்பு இருக்கும். எஞ்சின் குறியீடும், 1960களின் கடைசியிலிருந்து சேசிஸ் நம்பரின் ஒரு பகுதியும் அங்கேதான் குத்தப்பட்டிருக்கும். தொழிற்சாலையில் பிளாக்கின் மேற்பரப்பைச் சீவியபோது விழுந்த மெல்லிய, நேரான இணைகோடுகள் அந்த எண்களுக்கு அடியில் தெரிய வேண்டும். கோடே இல்லாமல் வழவழப்பாக இருந்தாலோ, குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்த தடம் இருந்தாலோ, பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிதாகக் குத்தியிருக்கக்கூடும். எஞ்சினை நியாயமாக ரீபில்ட் செய்தபோதும் கோடுகள் போயிருக்கலாம். அப்படியானால் பட்டறை பில்லைக் கேளுங்கள். அடுத்து வார்ப்புத் தேதி. பிளாக்கின் பின்பகுதியில் 'சி 12 9' என்று இருந்தால் அது 1969 மார்ச் 12ல் வார்த்தது. கார் அதே வருடம் பிப்ரவரியில் செய்தது என்று அதன் தயாரிப்புத் தகடு சொன்னால், அந்த எஞ்சின் அந்தக் காரில் பிறந்திருக்க வழியே இல்லை. ஃபோர்டு என்றால் மார்ட்டி அறிக்கை, போன்டியாக் என்றால் பி.எச்.எஸ். ஆவணம், கிரைஸ்லர் என்றால் ஃபெண்டர் டேக் என்ற குறியீட்டுத் தகடும், பில்டு ஷீட் என்ற தொழிற்சாலைத் தாளும். இவற்றை விற்பவர் காட்டுவதோடு விடாமல், அறிக்கை கிடைக்கும் இடத்தில் நீங்களே பணம் கட்டி வாங்குங்கள்.

சேசிஸ் நம்பர் தகடு இன்னொரு ஆபத்தையும் கொண்டுவரும். அமெரிக்காவில் அந்தத் தகட்டைத் தெரிந்தே கழற்றுவதோ மாற்றுவதோ பொதுவாக மத்தியச் சட்டப்படி குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. கான்சஸ் மாநிலத்தில் ஒருவர் 50,000 டாலர் கொடுத்து 1959 கார்வெட் ஒன்றை டீலரிடம் வாங்கிவந்து பதிவுக்குக் கொண்டுபோனார். முன்பு யாரோ காரைப் புதுப்பித்தபோது தகட்டைக் கழற்றி மறுபடி மாட்டியிருக்கிறார்கள் என்று சோதனையில் தெரிய, காவல்துறை 2017ல் காரைப் பறிமுதல் செய்தது. வாங்கியவர் மீது எந்தத் தவறும் இல்லை. ஆனாலும் வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. 2022ல் சட்டமன்றமே சட்டத்தைத் திருத்தி, பழைய கார்களைப் புதுப்பிக்கும்போது தகட்டைக் கழற்றி மாட்டுவதற்கு விலக்குத் தர வேண்டியிருந்தது. ரிவெட்டுகள் புதிதாகத் தெரிந்தாலோ, தகட்டைச் சுற்றிப் பெயின்ட் வேறுபட்டாலோ, பணம் கொடுப்பதற்கு முன்பே மாநிலக் காவல்துறையின் எண் சோதனைக்குக் காரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

திருட்டுக் கார் என்றால் நிலைமை இன்னும் மோசம். திருடியவனால் உரிமையைக் கை மாற்ற முடியாது. எத்தனை பேர் கை மாறி வந்தாலும் அசல் சொந்தக்காரர் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். இது பழைய கார்களோடு நிற்பதில்லை. 2020 முதல் 2022 வரையிலான மாடல்களில் டாட்ஜ் சார்ஜர் ஹெல்கேட்டின் திருட்டு இழப்பீடுகள் சராசரியைப் போல 60 மடங்குக்கு மேல் என்று காப்பீட்டுத் துறையின் புள்ளிவிவர நிறுவனமான எச்.எல்.டி.ஐ. கணக்கிட்டது. என்.ஐ.சி.பி. என்ற அமைப்பின் தளத்தில் சேசிஸ் நம்பரைப் போட்டுத் திருட்டுப் புகார் உண்டா என்று இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் 17 இலக்க எண் 1981 மாடல்களில்தான் கட்டாயமானது. அதற்கு முந்திய கார்களுக்குக் கார்ஃபாக்ஸ் போன்ற வாகன வரலாற்று அறிக்கைகள் உதவாது. டைட்டில் எனப்படும் உரிமைப் பத்திரத்தில் இருக்கும் பெயரும் விற்பவரின் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றா என்பதை நேரில் பாருங்கள்.

மைல் கணக்கைச் சொல்லி விலை ஏற்றுவார்கள். அந்தக் காலத்து ஓடோமீட்டரில் ஐந்து இலக்கம்தான். 99,999க்குப் பிறகு பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 38,000 என்று காட்டுவது 1,38,000 ஆகவும் இருக்கலாம். 2010 வரையிலான மாடல்களுக்குப் பத்து ஆண்டு கழிந்ததும் மைல் கணக்கை எழுதித்தரும் கடமையும் இல்லாமல் போகிறது. ஆனால் மீட்டரைத் திருத்துவது எந்தக் காருக்கும் குற்றம்தான். ஏமாற்றும் நோக்கத்தோடு செய்தது நிரூபணமானால் நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு அல்லது 10,000 டாலர், இரண்டில் எது அதிகமோ அது கிடைக்கும்.

பலர் நம்பி ஏமாறும் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். 'மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்' என்பது டீலர் கடையில் வாங்கிய காருக்குப் பொருந்தாது. அந்த மத்திய விதி வீடு தேடி வந்து விற்பது போன்ற விற்பனைகளுக்கானது; ஏலத்தில் எடுத்த காரையும் அது காப்பாற்றாது. உங்களுக்கு உள்ள உண்மையான பாதுகாப்பு வேறு. வருடத்தில் ஐந்துக்கு மேல் பழைய கார் விற்கும் டீலர், 'பையர்ஸ் கைடு' என்ற தாளைக் கார் கண்ணாடியில் ஒட்டியாக வேண்டும். 'ஆஸ் இஸ்' என்று அதில் குறித்திருந்தால், வாங்கிய பிறகு வரும் பழுதுக்குப் பொதுவாக டீலர் பொறுப்பில்லை. தனியாரிடம் வாங்கினால் அந்தத் தாளும் கிடையாது. ஆனால் 'ஆஸ் இஸ்' என்பது பொய் சொல்வதற்கான உரிமம் ஆகாது. லூசியானா தவிர மற்ற மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட வணிகச் சட்டத் தொகுப்பின்படி, பேரத்துக்கு அடிப்படையான வர்ணனை எதுவானாலும் அது உத்தரவாதம்தான். ஆகவே 'அசல் 1970 ஹெமி கார், பிறந்த எஞ்சின்' என்பதை விற்பனை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். விளம்பரத்தையும் குறுஞ்செய்திகளையும் சேமித்து வையுங்கள். எழுதித்தரத் தயங்குபவர் வாயால் சொன்னதற்கு ஒரு டாலர்கூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

தூரத்து மாநிலத்துக் காரைப் படத்தில் பார்த்து வாங்குபவர்கள் தனியாக ஒரு மெக்கானிக்கை அனுப்பியே தீர வேண்டும். பட்டி பூசி மறைத்த துருவைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு காந்தம் போதும்: துருவை வெட்டி எறியாமல் மேலே பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது. பணத்தை எஸ்க்ரோவில் (கார் கைக்கு வரும்வரை பணத்தை வைத்திருக்கும் மூன்றாம் தரப்பிடம்) போடலாம் என்று விற்பவரே ஒரு தள முகவரி அனுப்பினால், அது போலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்க்ரோ நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். வயர் மூலம் போன பணத்தைத் திருப்புவது மிகக் கடினம். போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே வங்கியை அழைத்து நிறுத்தச் சொல்லி, எஃப்.பி.ஐ.யின் ஐ.சி.3 இணையக் குற்றப் பிரிவில் புகார் பதியுங்கள்.

புதுக் காரிலும் வலை உண்டு. 2023ல் 1,025 குதிரைத் திறனோடு வந்த டாட்ஜ் சேலஞ்சர் டீமன் 170 காரின் பட்டியல் விலை 96,666 டாலர். டீலர்கள் அதற்கு மேல் 'சந்தைச் சரிக்கட்டல்' என்று கூட்டுவார்கள் என்பதை எதிர்பார்த்து, பட்டியல் விலைக்குள் விற்கும் ஆர்டர்களை முதலில் தயாரிப்போம் என்று டாட்ஜே அறிவித்தது. அப்படிக் கூட்டுவதைச் சட்டம் தடுப்பதில்லை. டீலர்களின் மறைமுகக் கட்டணங்களுக்குக் கடிவாளம் போட வந்த மத்திய விதியையும் 2025 ஜனவரியில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. எல்லாக் கட்டணமும் சேர்ந்த மொத்த விலையை எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.

பழைய காரை வீட்டுக்குக் கொண்டுவரும் முன் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகையைத் தரும் 'அக்ரீட் வேல்யூ' காப்பீடு எடுங்கள். சாதாரணக் காப்பீடு தேய்மானம் கழித்துத்தான் தரும்.

ஏமாந்தது தெரிந்தால் வண்டியைத் தொடாதீர்கள். எஞ்சினைப் பிரித்தால் சாட்சியமும் போய்விடும். விற்றவருக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். தாமதித்தால் உத்தரவாத உரிமையையே இழக்க நேரிடும். டீலர் என்றால் மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவுக்கும், டீலர் உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கும் புகார் அனுப்புங்கள். சிறிய தொகைக்கு வக்கீல் இல்லாமலே சிறு வழக்கு நீதிமன்றம் போகலாம். உத்தரவாத மீறலுக்கு, கார் கைக்கு வந்த நாளிலிருந்து பொதுவாக நான்கு ஆண்டு அவகாசம். ஒப்பந்தத்தில் அதை ஓராண்டாகக் குறைக்கவும் முடியும் என்பதால் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். ஓடோமீட்டர் மோசடிக்கு இரண்டே ஆண்டுதான்.