தாளவழி இசை விளையாட்டுகளின் எழுச்சியும் சரிவும்

முன்னுரை

ஒலிக்கும் பாடலின் தாளம் தவறாமல், திரையில் நகர்ந்துவரும் குறிகளுக்கேற்பப் பொத்தான்களை அழுத்தி ஆடப்படுவது தாளவழி இசை விளையாட்டு எனப்படும். 2005ஆம் ஆண்டிற்குப் பின்னர் மிக விரைவாகப் பரவிய இவ்வகை, 2011ஆம் ஆண்டிற்குள் பெரும் சரிவைக் கண்டது. ‘கிட்டார் ஹீரோ’, ‘ராக் பேண்ட்’ ஆகிய இரு அமெரிக்கத் தொடர்களைச் சான்றாகக் கொண்டு, அச்சரிவின் காரணங்களை இக்கட்டுரை ஆராய்கின்றது. வகுப்பறையில் விளையாட்டுகளைக் கருவியாகக் கையாள விழையும் ஆசிரியர்களுக்கும் இவ்வரலாறு பயனளிக்கும்.

தோற்றமும் எழுச்சியும்

இவ்வகை விளையாட்டுகளின் வளர்ச்சியில் ஜப்பானுக்குத் தனியிடம் உண்டு. 1996இல் ‘பராப்பா தி ராப்பர்’ வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து கொனாமி நிறுவனம் 1997இல் ‘பீட்மேனியா’வையும் 1998இல் ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’ விளையாட்டையும் வெளியிட்டது.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற அலெக்ஸ் ரிகோபுலோஸ், எரன் எகோசி ஆகிய இருவரும் 1995இல் ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். இசைப் பயிற்சி இல்லாதவரும் இசைக்கும் இன்பத்தைத் துய்க்க வேண்டும் என்பதே அவர்களது நோக்கம். அந்நிறுவனம் உருவாக்கிய ‘கிட்டார் ஹீரோ’ 2005 நவம்பரில் வெளிவந்தது. ஐந்து வண்ணப் பொத்தான்கள் கொண்ட நெகிழிக் கிட்டாரே அதன் கருவி. 2007இல் வந்த ‘ராக் பேண்ட்’, டிரம்ஸ், பாடல் ஆகியவற்றையும் சேர்த்து, நால்வர் ஒருங்கே ஆட வழி செய்தது. அதே ஆண்டில் வெளிவந்த மூன்றாம் ‘கிட்டார் ஹீரோ’வின் சில்லறை விற்பனை 100 கோடி அமெரிக்க வெள்ளியைக் கடந்துவிட்டதாக ஆக்டிவிஷன் நிறுவனம் 2009 ஜனவரியில் அறிவித்தது.

சரிவின் காரணங்கள்

முதற்காரணம் மிகை வெளியீடு. 2009ஆம் ஆண்டில் மட்டும் ஆக்டிவிஷன், மெட்டாலிக்கா, வான் ஹேலன் ஆகிய குழுக்களுக்கான தனிப் பதிப்புகளையும், ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’, ஐந்தாம் ‘கிட்டார் ஹீரோ’, ‘பேண்ட் ஹீரோ’, ‘டிஜே ஹீரோ’ முதலியவற்றையும் அடுத்தடுத்துச் சந்தைக்குக் கொணர்ந்தது. பாடல்கள் மாறினவேயன்றி ஆடும் முறை பெரிதும் மாறவில்லை.

இரண்டாவது, பொருளியல் நெருக்கடி. 2008இல் தொடங்கிய உலக நிதி நெருக்கடியின்போது, விலை மிகுந்ததும் வீட்டில் இடத்தை அடைப்பதுமான கருவித் தொகுதிகளை வாங்கப் பலர் தயங்கினர். முன்னரே கருவி வைத்திருந்தோருக்கோ புதிய தட்டு ஒன்றே போதுமானதாக இருந்தது.

மூன்றாவது, பாடல் உரிமை. இவ்விளையாட்டுகள் இசை உரிமையாளர்களுக்கு அளிக்கும் தொகை மிகக் குறைவு என வார்னர் இசை நிறுவனத் தலைவர் எட்கர் பிராஃப்மன் 2008இல் குறைகூறினார். பிறர் பாடல்களை நம்பி இயங்கும் தொழிலுக்கு இது நிலையானதொரு சுமையாகும்.

நான்காவது காரணம் விளையாட்டின் அமைப்பிலேயே உள்ளது. குறியில் இல்லாத ஒரு மீட்டலைக் கூடுதலாகச் செய்தால், அது பிழையாகவே கணக்கிடப்படும். ஆகவே, கற்பனையாக இசைப்பதற்கு இங்கு இடமில்லை. ஐந்து பொத்தான்களில் பெற்ற தேர்ச்சி, ஆறு கம்பிகள் கொண்ட கிட்டாரை மீட்டக் கைகொடுப்பதுமில்லை. டிரம்ஸ் பயிற்சி மட்டும் உண்மைக் கருவிக்கு ஓரளவு நெருங்கியதாகும். இவ்விடைவெளியைக் குறைக்க, 2010இல் வந்த மூன்றாம் ‘ராக் பேண்ட்’ மெய்யான கம்பிகளுடைய கிட்டாரைப் பயன்படுத்தும் முறையை அறிமுகம் செய்தது. ஆயினும், அதற்குள் சந்தை சுருங்கிவிட்டிருந்தது.

ஹார்மோனிக்ஸை 2006இல் 17.5 கோடி அமெரிக்க வெள்ளிக்கு வாங்கிய வையகாம் நிறுவனம், 2010 டிசம்பரில் அதனை விற்றுவிட்டது. 2011 பிப்ரவரியில் ‘கிட்டார் ஹீரோ’ பிரிவைக் கலைப்பதாக ஆக்டிவிஷன் அறிவித்தது.

பிந்தைய நிலை

2015இல் இரு தொடர்களும் மீண்டும் வந்தன. ‘கிட்டார் ஹீரோ லைவ்’ தன் பாடல்களுள் பெரும்பாலானவற்றை இணையவழியே வழங்கியது. 2018 டிசம்பரில் அச்சேவை நிறுத்தப்பட்டதும், தட்டில் பதிவாகியிருந்த பாடல்களே ஆடுவோர் கையில் எஞ்சின.

எனினும், தாள ஆட்டத்தின் மீதான விருப்பம் அழிந்துவிடவில்லை. 2001இல் தோன்றிய ‘தைக்கோ நோ தட்சுஜின்’ எனும் ஜப்பானிய மேள விளையாட்டு, விளையாட்டுக் கூடங்களில் நிலைத்து நிற்கின்றது. 2018இல் முதன்முதலாக வெளிவந்த ‘பீட் சேபர்’ மெய்நிகர் கருவிகளின் வழிப் புகழ்பெற்றது. ஹார்மோனிக்ஸ் உருவாக்கிய ‘ஃபோர்ட்நைட் ஃபெஸ்டிவல்’ 2023இல் வெளியாயிற்று.

முடிவுரை

மேற்கண்டவற்றை நோக்குங்கால், வீழ்ந்தது தாளத்தின் மீதான ஈடுபாடன்று. ஒரே அனுபவத்தை மீண்டும் மீண்டும் விற்க முனைந்த வணிக வடிவமே என்பது புலனாகும். விளையாட்டு ஆர்வத்தைத் தூண்டவல்லது. ஆனால் அடுத்த படிக்கு ஏற வழியில்லாதபோது அவ்வார்வம் தளர்ந்துவிடுகின்றது. கற்பித்தலுக்கு ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் இரண்டினை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதில் மாணவன் பெறும் திறன் அவ்விளையாட்டிற்கு வெளியேயும் பயன்படுமா? அதனை வழங்கும் நிறுவனம் விலகிய பின்னரும் அக்கருவி வகுப்பறையில் எஞ்சுமா? இவ்விரு வினாக்களுக்கும் தெளிவான விடை கிடைத்த பின்னரே அதனைப் பாடத்திட்டத்தில் இணைத்தல் தகும்.