வெட்கத்தை விற்ற வியாபாரம்

கிடர்பூர் கப்பல்துறை 1892-இல் திறக்கப்பட்டது. வெளிநாட்டுச் சாமான்களுக்குப் பெயர்போன ஃபேன்ஸி மார்க்கெட் அதன் அருகிலேயே வளர்ந்தது. இன்று அங்குள்ள அழகுப் பொருள் கடைகளில் ரோமம் நீக்கும் கிரீமும் பெண்களுக்கான ரேஸரும் தாராளமாகக் கிடைக்கின்றன.

இந்த ரேஸருக்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் ஜில்லெட் கம்பெனி 1903-இல் விற்றவை வெறும் 51 ரேஸர்களே. பிளேடு மழுங்கினால் புதிது வாங்கியாக வேண்டும். அதுவே வியாபார சூட்சுமம். ஆனால் ஆண்களின் தாடியோடு நின்றுவிட்டால் பாதிச் சந்தை போயிற்றே! 1915-இல் பெண்களுக்கென்றே தனி ரேஸர் வந்தது. கையில்லா உடை நாகரிகமாகிவந்த காலம் அது. அக்குள் ரோமம் சங்கடமானது, அநாகரிகமானது என்று விளம்பரங்கள் பாடம் நடத்தின. அதுவரை பலரும் கவனியாதிருந்த ஒன்று வெட்கப்படவேண்டிய விஷயமாயிற்று.

நம் வீடுகளில் கஸ்தூரி மஞ்சளும் பயத்தமாவும் நெடுநாள் வழக்கம். ரோமம் உதிர வேண்டுமென்று மஞ்சள் பூசியவர்களும் உண்டு. அதற்காக யாரும் மாதாமாதம் கடைக்கு ஓடவில்லை.

வயதுக்கு வரும் பெண்ணிடம் தாய்மார் ஒன்று சொல்லலாம்: “விருப்பமிருந்தால் எடு, இல்லையேல் விடு. உடம்பில் குறை ஒன்றுமில்லை அம்மா. குறை இருப்பதாகச் சொன்னால்தான் சரக்கு விலைபோகும்!”